பிரம்பும் பேரேடும்

"அடியாத மாடு படியாது" என்பது நம்மவர் நாவில் எப்பொழுதும் தயாராக நிற்கும் பழமொழி. மகனைப் பள்ளியிற் சேர்க்கச் சென்ற தந்தை, "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், ஐயா" என்று உபாத்தியாயரிடம் ஒப்படைத்து, தம் கடமை முடிந்ததென நிம்மதியாக வீடு திரும்பிய காலம் வெகு தூரத்தில் இல்லை. ஏட்டிற்குப் பாடமும் முதுகிற்குப் பிரம்பும் கொடுத்தால் நல்லொழுக்கம் தானே வந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. அந்நம்பிக்கை சரிதானா? மாணாக்கரை நல்வழிப்படுத்துவதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டோர் இதுபற்றிக் கண்டறிந்தது யாது? நம்மிடையே நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாக நின்று வரும் கத்தோலிக்க ஆண்கள் பள்ளிகளின் வரலாற்றைக்கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

1852-ம் ஆண்டில் பினாங்கில் செயின்ட் சேவியர்ஸ் பள்ளியும், சிங்கப்பூரில் இன்று செயின்ட் ஜோசப்ஸ் என வழங்கும் பள்ளியும் தொடங்கப்பெற்றன. சிங்கப்பூரில் ஊழியம் செய்துவந்த பியூரல் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் ஐரோப்பா சென்று அழைத்துவந்த லா சால் சபைச் சகோதரர்களே இம்முயற்சிக்குத் தோள் கொடுத்தவர்கள். பின்னர் 1904-ல் கோலாலம்பூரில் செயின்ட் ஜான்ஸ் பள்ளியும், 1912-ல் ஈப்போவில் செயின்ட் மைக்கேல்ஸ் பள்ளியும் எழுந்தன. இச்சகோதரர்கள் குருமார் அல்லர்; பூசை செய்யும் உரிமை அவர்களுக்கில்லை. இல்லறத்தைத் துறந்து, கற்பித்தலையே தொண்டாக ஏற்றவர்கள். ஊரார் அவர்களைப் 'பிரதர்' என்றே அழைத்தனர்.

இச்சபையைத் தோற்றுவித்த ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால், பிரான்சு தேசத்து ரான்ஸ் நகரில் 1651-ல் செல்வக் குடியிற் பிறந்தவர். இளம் வயதிலேயே பேராலயத்தில் வருமானமும் மதிப்பும் உள்ள பதவி பெற்றவர். ஏழைச் சிறுவர்க்கெனத் திறக்கப்பட்ட பள்ளிகளுக்கு உதவி செய்யப் புகுந்த அவர், ஆசிரியரின் அவலநிலையைக் கண்டார். அக்காலத்து ஏழைப்பள்ளி ஆசிரியர் மதிப்பும் பயிற்சியும் இல்லாதவர். அவர்களைத் தம் வேலைக்காரனினும் கீழாகத் தாம் எண்ணியிருந்ததாக லா சாலே பிற்காலத்தில் எழுதிவைத்தார். அப்படிப்பட்டவர் அவ்வாசிரியர்களைத் தம் வீட்டிலேயே குடியேற்றினார், உற்றார் முகஞ்சுளித்தனர். 1683-ல் பதவியையும் துறந்தார். அடுத்து வந்த பஞ்சத்தில் தம் பொருளையெல்லாம் உணவாக வழங்கித் தாமும் ஏழையானார். பிள்ளையின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுமுன் ஆசிரியரின் நிலையை உயர்த்தவேண்டும் என்று அவர் உணர்ந்தது கருதத்தக்கது.

அவருடைய பள்ளிகளிற் கட்டணம் கிடையாது. ஏழையின் மகனும் கடைக்காரர் மகனும் ஒரே பலகையில் அமர்ந்தனர். இது பாரிசு நகரில் எழுத்துக் கற்பித்துப் பிழைத்த ஆசிரியர் சங்கத்தாருக்குப் பொறுக்கவில்லை. பணம் கொடுக்கக்கூடியவர் பிள்ளைகளை இலவசமாகச் சேர்க்கலாகாது என்று 1704-ல் வழக்குத் தொடுத்தனர். தீர்ப்பும் அவர்கள் பக்கமே சென்றது. ஆயினும், செல்வம் வறுமை என்று பிள்ளைகளைப் பிரித்து வைக்கும் எண்ணத்திற்கு லா சால் இணங்கவில்லை. ஒரே பலகையில் அமர்வதும் ஓர் ஒழுக்கப் பாடம் அன்றோ?

இப்பள்ளிகளை நடத்தும் முறையைச் சகோதரர்கள் பல்லாண்டு அனுபவத்தால் ஆராய்ந்து ஒரு கைந்நூலாகத் தொகுத்தனர். 1706-ம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதி இன்றும் உள்ளது. லா சால் மறைந்த மறு ஆண்டாகிய 1720-ல் அந்நூல் அச்சேறிற்று. அதனைப் புரட்டுவோர் காண்பவற்றுள் ஒன்று, சிறு வேலைகளின் வாயிலாகப் பொறுப்புணர்ச்சி ஊட்டும் முறையாகும். செபம் சொல்லுபவன், மணி அடிப்பவன், சாவி வைத்திருப்பவன், வகுப்பைப் பெருக்குபவன் என மாணாக்கருக்குப் பலவகைப் பதவிகள் உண்டு. பெருக்குவதும் செபம் சொல்லுவதும் ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்டமை நாம் கவனிக்கத்தக்கது. காலை உணவைப் பிள்ளைகள் பள்ளியிலேயே உண்பர். தங்கள் ரொட்டியில் மிகுந்ததை அவர்கள் கொடுக்க, அதனைத் திரட்டி இல்லாதவர்க்குப் பங்கிடுவதற்கும் ஒரு மாணாக்கன் இருந்தான். ஈகையைப் பற்றிச் சொற்பொழிவு கேட்பதற்குப் பதிலாக, அவர்கள் அதனை நாள்தோறும் பழகினர்.

பள்ளிக்கு வராத பிள்ளைகளின் வீடு தேடிச் சென்று காரணம் அறிந்துவரவும் மாணாக்கர் நியமிக்கப்பட்டனர். ஏன் வரவில்லை? பிள்ளையின் விளையாட்டுப் புத்தியாக இருக்கலாம். பெற்றோரின் வறுமையாக இருக்கலாம். அவர்களின் அசட்டையாக இருக்கலாம். இவற்றோடு அந்நூல் நிறுத்தவில்லை. ஆசிரியரிடம் பிள்ளைக்கு அன்பில்லாமையும், பிள்ளையின் மனத்தைக் கவர ஆசிரியர் அறியாமையும் காரணமாகலாம் என்று வெளிப்படையாகக் கூறுகிறது. பிள்ளை வராமற்போனதற்குத் தன்னையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்ளும் பள்ளி இன்றுகூட எத்தனை உண்டு?

எல்லாவற்றினும் சிறந்தது அவர்கள் வைத்திருந்த பேரேடு. ஆண்டின் இறுதியில் ஒவ்வோர் ஆசிரியரும் தம் வகுப்பு மாணாக்கர் அனைவருடைய குணங்களையும் குறைகளையும் தனித்தனியே எழுதித் தலைமைச் சகோதரரிடம் ஒப்படைக்கவேண்டும். மாதிரிக்கென அந்நூலிற் காட்டப்பட்டுள்ள ஒரு சிறுவனைப் பாருங்கள். இரண்டாண்டாகப் பள்ளிக்கு வருகிறான். புத்தி கூர்மையானது, மனம் வைத்தால் எளிதிற் கற்பான். ஆனால் மனம் ஓரிடத்தில் நிற்பதில்லை. துடுக்கான தோழர் அகப்பட்டால் பள்ளிக்கு வராமற் போய்விடுவான். தண்டனையால் அதிகப் பயனில்லை, ஏனெனில் அவனது தவறு விளையாட்டுப் புத்தியால் வருவது. அவன் பிடிவாதக்காரன் அல்லன்; அன்பால் வசப்படுத்தினால் வேண்டியதைச் செய்வான். பெற்றோர் அவன்மீது பிரியமுள்ளவர்கள். அவன் தண்டிக்கப்படுவதை அவர்கள் விரும்புவதில்லை. ஏறத்தாழ இத்தன்மையது அக்குறிப்பு.

இதில் மதிப்பெண் இல்லை. "நல்லவன்", "கெட்டவன்" என்ற ஒற்றைச் சொல் முத்திரையும் இல்லை. ஒரு பிள்ளையை உற்றுப் பார்த்த கண் இருக்கிறது. வகுப்பிற்குப் புதிதாக வரும் ஆசிரியர் முதல் மூன்று மாதங்கள் இவ்வேட்டைக் கையில் வைத்திருந்து, பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்வது என்று தெரிந்துகொள்ளவேண்டும். பின்னர் அதனைத் திருப்பித் தந்துவிடவேண்டும். அதன்பிறகு அவர் நம்பவேண்டியது தம் சொந்தக் கண்களையே. ஒரு முறை எழுதிய எழுத்து பிள்ளையின் தலையெழுத்தாகிவிடாமல் காக்க இதைவிட நல்ல வழி வேறென்ன?

இனிப் பிரம்பிற்கு வருவோம். அந்நூல் பிரம்பை ஒழித்துவிட்டது என்று சொன்னால் பொய்யாகும். கையில் அடிக்கும் தோற்பட்டையும் பிரம்பும் அதில் உண்டு. அது அக்கால வழக்கம். ஆனால் தண்டனைக்குப் பத்து நிபந்தனைகளை அது விதித்தது. தன்னலமின்மை, அன்பு, நியாயம், தகுதி, அளவு, சாந்தம், முன்யோசனை ஆகிய ஏழும் ஆசிரியரைச் சேர்ந்தவை. மனமுவந்தும், மரியாதையாகவும், மௌனமாகவும் ஏற்பது என்னும் மூன்று மட்டுமே பிள்ளையைச் சேர்ந்தவை. பாரத்தின் பெரும்பகுதி யார் தோளில் வைக்கப்பட்டது என்பதைப் பாருங்கள். கோபத்தோடு கை ஓங்கும் ஆசிரியர் அந்நூலின்படி தோற்றுப்போனவர். கூச்சமுள்ளவர், மந்தபுத்தியுள்ளவர், நோயாளிகள் ஆகியோரிடம் தண்டனையை இயன்றவரை தவிர்க்கவேண்டும். புதிதாக வந்த பிள்ளையின் சுபாவத்தை அறியுமுன் அவனைத் திருத்த முற்படலாகாது. அறிதல் முன்னே, திருத்தல் பின்னே என்பதே அந்நூலின் சாரம்.

இவ்வளவும் கூறியபின், மறுபக்கத்தை மறைப்பது நேர்மையன்று. ஏட்டில் நல்ல விதி இருப்பது வேறு, வகுப்பில் அது நடப்பது வேறு. அயர்லாந்தில் கத்தோலிக்கத் துறவற சபைகள் நடத்திய சிறுவர் விடுதிகளிலும் பயிற்சிப் பள்ளிகளிலும் பல்லாண்டு நிகழ்ந்த கொடுமைகளை 2009-ல் வெளிவந்த ரயன் விசாரணைக்குழு அறிக்கை உலகறியச் செய்தது. கேட்பாரற்ற பிள்ளையும் கேள்விக்கு அப்பாற்பட்ட அதிகாரமும் ஒரே கூரையின்கீழ் இருந்தால், புனிதமான அங்கியும் பிள்ளையைக் காப்பாற்றாது.

நம் நாட்டிலும் ஒரு குறை இருந்தது. பாரிசில் இலவசமாக இருந்த முறை மலாயாவிற்கு வந்தபோது கட்டணப் பள்ளியாயிற்று. பட்டணத்துக் குமாஸ்தாவின் மகன் அப்பலகையில் அமர்ந்தான். ரப்பர்த் தோட்டத்துப் பால்மரத் தொழிலாளியின் மகனோ, 1923-ம் ஆண்டுத் தொழிற் சட்டத்தால் நேர்ந்த தோட்டப் பள்ளியோடு நின்றான். யாருக்கு வழிகாட்டுதல் மிகவும் தேவையோ, அவன் பெயர் பெரும்பாலும் அப்பேரேட்டில் ஏறவேயில்லை.

மதம் பற்றிய கேள்வியும் எழும். லா சால் தம் பள்ளிகளை நடத்தியது பிள்ளைகளை நல்ல கிறிஸ்தவராக்கவே. மலாயாவிலோ சீனர், தமிழர், மலாய்க்காரர் எனப் பல மதத்துப் பிள்ளைகள் அப்பள்ளிகளுக்கு வந்தனர். அவர்களுக்கு அம்முறையில் எஞ்சுவது என்ன? பிள்ளையை அறிந்து திருத்துவது என்னும் வழி எஞ்சுகிறது. அவ்வழிக்கு ஜாதியுமில்லை, சமயமுமில்லை. வீட்டிலிருந்து பசியோடு வந்த பையனின் கோபம் எந்த மதத்தைச் சேர்ந்தது?

இன்று மலேசியாவில் பள்ளி ஆலோசகர்கள் இருக்கின்றனர். ஆலோசகர் தொழிலை ஒழுங்குபடுத்த 1998-ல் சட்டமும் இயற்றப்பட்டது. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் ஆண் மாணாக்கருக்குப் பிரம்படி இன்றும் விதிகளுக்குட்பட்டு அனுமதிக்கப்படுகிறது. ஆலோசகர் அறையும் பிரம்பும் ஒரே பள்ளியில் இருக்கும்போது, எந்தக் கதவை முதலில் தட்டுவது என்பதைத் தீர்மானிக்கவேண்டியவர் ஆசிரியரும் பெற்றோருமே.

சிங்கப்பூர் பிராஸ் பாசா சாலையில் செயின்ட் ஜோசப்ஸ் பள்ளியின் பழைய கட்டடம் உள்ளது. பள்ளி 1988-ல் அங்கிருந்து மால்கம் சாலைக்குச் சென்றது. 1996-ல் அக்கட்டடம் கலைக்கூடமாயிற்று. அதன் முகப்பில் வைக்கப்பட்ட லா சாலின் சிலையில் அவரோடு நிற்பது மாணாக்கர் கூட்டமன்று; இரண்டே சிறுவர்கள். பேரேட்டின் பொருளும் அதுவே. ஒழுக்கம் கூட்டத்திற்கு ஊட்டப்படுவதன்று. ஒருவன் ஒருவனாக அறியப்பட்டு வளர்க்கப்படுவது.

ஆகவே, பெற்றோர்களே! அடுத்த முறை பள்ளிக்குச் செல்லும்போது, "தோலை உரியுங்கள்" என்று சொல்லாதீர்கள், "என் மகனுக்கு எத்தனை மதிப்பெண்?" என்பதோடும் திரும்பிவிடாதீர்கள். "என் மகனைப் பற்றி நீங்கள் என்ன அறிந்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அக்கேள்விக்கு விடை சொல்லக்கூடிய ஆசிரியர் பிரம்பைத் தேடவேண்டிய நாட்கள் மிகச் சிலவே. அதே கேள்வியை ஆசிரியர் நம்மிடம் திருப்பிக் கேட்டால் விடை கூற நாமும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.