செல்டா: குகையில் தொடங்கிய பயணம்

ஜப்பானின் கியோட்டோ நகருக்கு வடமேற்கே சோனொபே என்ற சிற்றூர் இருக்கிறது. 1952 ஆம் ஆண்டு பிறந்து அங்கே வளர்ந்த ஷிகெரு மியாமோட்டோ, காடு மேடெல்லாம் அலைந்து திரிந்த சிறுவயதில் குகை ஒன்றின் வாயிலைக் கண்டிருக்கிறார். உள்ளே ஒரே இருட்டு. நுழையத் தயங்கித் திரும்பிய அவர், பின்னர் ஒரு நாள் விளக்கை எடுத்துக்கொண்டு சென்று உள்ளே இறங்கினார். இந்தச் சம்பவத்தைப் பல செவ்விகளில் அவரே விபரித்திருக்கிறார். 'த லெஜன்ட் ஒஃப் செல்டா' என்ற வீடியோ விளையாட்டுத் தொடரைப் பற்றி எழுதுகின்ற எவரும் இந்தக் குகையைத் தாண்டிச் செல்வதில்லை. நானும் அதற்கு விதிவிலக்கல்ல. ஆனால், நான் அதைக் குறிப்பிடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. இத்தொடர் தேங்கிப்போன வேளைகளில் அந்தக் குகையின் பக்கம் திரும்பிச் சென்றே மீண்டிருக்கிறது. இப்போது மறுபடியும் திரும்பவேண்டிய ஒரு கட்டத்தை அது நெருங்கிக்கொண்டிருக்கிறது என்பது எனது அபிப்பிராயம்.

அரசியலையும் போரையும் பேச்சுவார்த்தைகளையும் எழுதியே காலத்தைக் கழித்த ஒருவன் வீடியோ விளையாட்டைப் பற்றி எழுதப் புறப்பட்டிருப்பது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். பிள்ளைகள் விளையாடுவதை அருகிலிருந்து பார்த்து, பிறகு நானே விளையாடத் தொடங்கி, வருடங்கள் பல ஆகிவிட்டன. தனது பாரம்பரியத்தை என்ன செய்வது என்று தெரியாமல் தடுமாறுகின்ற அமைப்புகளைத் தொழில் நிமித்தம் நிறையவே பார்த்திருக்கிறேன். அந்த வகையில் நான்கு தசாப்த காலமாகத் தன்னைத்தானே திருத்திக்கொண்டு வருகின்ற இந்த விளையாட்டின் வரலாறு எனக்கு அந்நியமானதாகத் தோன்றவில்லை.

முதலாவது செல்டா 1986 பெப்ரவரி 21 ஆம் திகதி ஜப்பானில் வெளியானது. மியாமோட்டோவும் தக்காஷி தெசூக்காவும் அதை உருவாக்கினார்கள். இசை கோஜி கொண்டோ. தொடக்கக் காட்சிக்குப் பிரெஞ்சு இசைமேதை ரவேலின் 'பொலேரோ'வைப் பயன்படுத்துவதற்கே முதலில் திட்டமிட்டிருந்தார்கள். அதன் பதிப்புரிமை இன்னமும் காலாவதியாகவில்லை என்பது கடைசி நேரத்தில் தெரியவர, கொண்டோ அவசர அவசரமாகப் புதிய இசை ஒன்றை அமைத்தார். இன்று உலகெங்கும் இசையரங்குகளில் வாசிக்கப்படுகின்ற செல்டாவின் இசை அவ்வாறு பிறந்ததுதான். இளவரசியின் பெயரை, எழுத்தாளர் ஸ்கொட் ஃபிட்ஸ்ஜெரால்டின் மனைவி செல்டாவிடமிருந்து எடுத்ததாக மியாமோட்டோ கூறியிருக்கிறார்.

விளையாட்டு தொடங்கியதும் லிங்க் என்ற சிறுவன் ஒரு வெட்டவெளியில் நிற்கிறான். எங்கே போகவேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. அருகில் ஒரு குகை வாயில் தெரிகிறது. உள்ளே நுழைந்தால் ஒரு முதியவர் வாளொன்றைத் தருகிறார். விரும்பினால் அந்த வாளை எடுக்காமலேயே நடையைக் கட்டலாம். 128 திரைகளாக விரிந்திருந்த அந்த நிலப்பரப்பில் எந்தப் புதரை எரித்தால் படிக்கட்டு தெரியும், எந்தப் பாறையைத் தகர்த்தால் வழி திறக்கும் என்பதை விளையாடுபவர் தானாகவே கண்டறியவேண்டும். பாடசாலையில் ஒரு சிறுவன் கண்டுபிடித்ததை இன்னொருவன் கேட்டு எழுதிக்கொண்டான். தெரியாத இடத்தில் விளக்குடன் நுழைந்த சோனொபே சிறுவனின் அனுபவத்தை மியாமோட்டோ இப்படித்தான் மற்றவர்களுக்குக் கையளித்தார்.

1987 இல் வந்த இரண்டாவது விளையாட்டு வேறொரு திசையில் சென்றது. அதைப் பெரும்பாலானோர் மறந்துவிட்டார்கள். 1991 இல் வந்த 'எ லிங்க் டு த பாஸ்ட்' தொடருக்கு ஒரு சட்டகத்தை வகுத்துக்கொடுத்தது. ஒரு நிலவறைக்குள் நுழைந்து, அங்கே ஒரு கருவியைப் பெற்று, அதே கருவியால் அங்குள்ள அரக்கனை வென்று, அடுத்த நிலவறைக்குச் செல்வது. அடுத்த இருபது வருடங்கள் ஏறத்தாழ இந்தச் சட்டகத்திற்குள்ளேயே கழிந்தன.

அந்தச் சட்டகத்தை வேதமாக்கியது 1998 நவம்பரில் வெளியான 'ஒக்கரினா ஒஃப் டைம்'. முப்பரிமாண உலகில் ஒரு எதிரியைக் குறிவைத்துச் சண்டையிடுவது எப்படி என்பதற்கு அந்நாளில் எவரிடமும் திருப்தியான விடை இருக்கவில்லை. தயாரிப்புக் குழுவினர் கியோட்டோவில் உள்ள தொயெய் திரைப்படக் களத்துக்குச் சென்றிருந்தபோது நிஞ்ஜா நாடகம் ஒன்றைப் பார்த்தார்கள். சங்கிலி கட்டிய அரிவாளை வீசிய ஒருவன், நாயகனைச் சுற்றி வட்டமாக நகர்ந்தான். ஒரு பொத்தானை அழுத்தினால் எதிரியின் மீது பார்வை நிலைத்து நிற்க, லிங்க் அவனைச் சுற்றி நகரும் உத்தி அதிலிருந்து பிறந்தது. பின்னர் வந்த எத்தனையோ விளையாட்டுகள் இதைத் தமதாக்கிக்கொண்டன. விமர்சகர்களும் வானளாவப் புகழ்ந்தார்கள். அடுத்து வருகின்ற ஒவ்வொரு செல்டாவும் 'ஒக்கரினா'வைப் போன்று இருக்கிறதா என்ற கேள்வியும் அன்றே தொடங்கிவிட்டது.

ஆனால், தொடரின் வரலாற்றில் என்னைப் பெரிதும் கவர்ந்த அத்தியாயம் அதற்கு அடுத்ததுதான். 'ஒக்கரினா'வின் நிலவறைகளை மாற்றியமைத்து இன்னொரு பதிப்பை வெளியிடுமாறு எய்ஜி அவோனுமாவிடம் கேட்கப்பட்டது. கலைக் கல்லூரியில் பயின்று, பொம்மைகள் செய்துகொண்டிருந்து, 1988 இல் நிண்டென்டோவில் சேர்ந்தவர் அவர். முதலாவது செல்டாவைத் தன்னால் சரியாக விளையாட முடியவில்லை என்று பின்னாளில் ஒப்புக்கொண்ட மனிதர். பழைய நிலவறைகளையே திருப்பிப் போடுவதில் அவருக்கு நாட்டம் இருக்கவில்லை. அப்படியானால் ஒரு வருடத்திற்குள் புதிதாக ஒன்றைச் செய்துகாட்ட முடியுமா என்று மியாமோட்டோ சவால் விடுத்தார். அவோனுமாவும் யோஷியாக்கி கொய்சுமியும் கையிலிருந்த உருவங்களையும் முகங்களையும் மீண்டும் பயன்படுத்தி உருவாக்கிய 'மஜோராஸ் மாஸ்க்' 2000 ஏப்ரலில் வெளிவந்தது. முந்தையது வெளியாகி ஒன்றரை வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

அதில் உலகம் சிறியது. நடுவே ஒரு நகரம், நான்கு திசைகளில் நான்கு பிரதேசங்கள். வானத்திலிருந்து சந்திரன் விழுந்துகொண்டிருக்கிறது. மூன்று நாட்களில் எல்லாம் அழிந்துவிடும். லிங்க் காலத்தைப் பின்னோக்கித் திருப்பி அதே மூன்று நாட்களை மீண்டும் மீண்டும் வாழவேண்டும். நகரத்து மாந்தர் ஒவ்வொருவருக்கும் ஒரு நேர அட்டவணை உண்டு. தபால்காரர் குறித்த நேரத்துக்குக் கடிதம் சேகரிக்கிறார். விடுதி நடத்தும் ஒரு பெண், திருமணத்துக்கு முன்னர் காணாமல்போன தனது காதலனுக்காகக் காத்திருக்கிறாள். அவளுக்கு உதவ வேண்டுமாயின் மூன்று நாட்களும் எந்த வேளையில் எங்கே நிற்கவேண்டும் என்பதை அறிந்து நடந்துகொள்ள வேண்டும். இறுதியில் இருவரையும் சேர்த்து வைத்தாலும், சந்திரன் விழுவதற்கு முன்னர் அவர்களுக்கு எஞ்சியிருப்பது சில நிமிடங்கள் மாத்திரமே. சிறுவர்களுக்கான பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்ட ஒரு ஊடகத்தில் இவ்வளவு துயரத்தை நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

அதைத் தொடர்ந்து வந்தது இரசிகர்களுடனான பிணக்கு. 2000 ஆம் ஆண்டு நிண்டென்டோ நடத்திய கண்காட்சியில், மெய்யான மனிதர்களைப் போன்ற தோற்றத்துடன் லிங்கும் வில்லன் கானண்டோர்ஃபும் வாட்போர் புரியும் ஒரு துண்டுக் காட்சி காட்டப்பட்டது. இரசிகர்கள் அதையே அடுத்த செல்டா என்று நம்பினார்கள். மறுவருடம் காட்டப்பட்டதோ பெரிய கண்களைக்கொண்ட ஒரு கார்ட்டூன் சிறுவன். எழுந்த கூச்சல் சாதாரணமானதல்ல. 'த விண்ட் வேக்கர்' 2002 டிசெம்பரில் வெளியானபோதும் ஆத்திரம் முற்றாகத் தணியவில்லை. அவர்களைச் சாந்தப்படுத்துவதற்கென்றே வந்ததைப் போன்றிருந்தது 2006 இல் வெளியான 'ட்விலைட் பிரின்சஸ்'. 2004 இல் அதன் முன்னோட்டம் காட்டப்பட்டவேளை அரங்கமே எழுந்து ஆரவாரித்தது. கேட்டதை அவர்கள் பெற்றார்கள். நன்றாகவே இருந்தது, நன்றாக விற்றது. இருந்தபோதிலும், இன்று அந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கார்ட்டூன் சிறுவனின் கடல் பழசாகவில்லை. மெய்மைத் தோற்றத்துக்காகப் பாடுபட்ட மற்றையதுதான் வயதாகித் தெரிகிறது. (பத்திரிகையின் பக்க அமைப்பை மாற்றும்போதெல்லாம் கண்டனக் கடிதங்கள் குவிவதையும், ஆறு மாதங்கள் கழித்து அதே வாசகர்கள் புதிய அமைப்பையும் மாற்றக்கூடாது என்று எழுதுவதையும் கண்டவன் நான்.)

சட்டகத்தின் இறுக்கம் உச்சத்தை எட்டியது 2011 இல் வந்த 'ஸ்கைவர்ட் சோர்ட்'டில். கையசைவுக்கு ஏற்ப வாள் சுழலும் உத்தி உண்மையில் புதியதே. ஆனால் உலகம் ஒடுங்கிய பாதைகளாகிவிட்டது. கூடவே வரும் தோழி, விளையாடுபவர் ஏற்கனவே கண்டதையே மீண்டும் விளக்குகிறாள். கருவியின் பற்றரி குறைகிறது என்பதைக்கூட அறிவிக்கிறாள். குகைக்குள் தனியே நுழையும் சிறுவனின் கையை யாரோ விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதைப் போன்ற உணர்வு. அவோனுமாவும் அதை உணர்ந்திருக்க வேண்டும். நிலவறைகளைக் குறித்த வரிசையில்தான் முடிக்கவேண்டும் என்பன போன்ற வழமைகளை மறுபரிசீலனை செய்யப்போவதாக 2013 இல் பகிரங்கமாகவே அறிவித்தார். அதே வருடம் வெளியான 'எ லிங்க் பிட்வீன் வேர்ல்ட்ஸ்' ஒரு சிறிய பரிசோதனை. கருவிகளை ஆரம்பத்திலேயே வாடகைக்கு எடுத்துக்கொண்டு விரும்பிய நிலவறைக்குச் செல்லலாம். தோற்றால் வாடகைக் கருவிகள் பறிபோகும். மிகவும் சிறிய இந்த மாற்றம் பூட்டிக்கிடந்த ஒரு கதவைத் திறந்துவிட்டது.

2017 மார்ச் 3 ஆம் திகதி வெளியான 'ப்ரெத் ஒஃப் த வைல்ட்'டை நெறிப்படுத்தியவர் ஹிதேமாரோ ஃபுஜிபயாஷி. தமது எண்ணங்களைச் சோதிப்பதற்காக, அவரது குழுவினர் 1986 ஆம் ஆண்டின் விளையாட்டைப் போன்று தட்டையான உருவங்களைக் கொண்ட ஒரு மாதிரியை முதலில் செய்துபார்த்தார்கள் என்பது கவனத்துக்குரியது. மரத்தில் தீ வைத்தால் எரியவேண்டும்; வெட்டி ஆற்றில் தள்ளினால் மிதக்கவேண்டும். ஒவ்வொரு புதிருக்கும் ஒரே விடை என்ற வழமையைக் கைவிட்டு, பொருட்களின் இயல்புகளை மாத்திரம் வகுத்துவிட்டு, விடைகளை விளையாடுபவரிடம் ஒப்படைத்தார்கள். உலகின் பரப்பை நிர்ணயிப்பதற்குத் தனது ஊரான கியோட்டோவின் வரைபடத்தை ஃபுஜிபயாஷி அதன்மீது வைத்துப் பார்த்தார். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நடக்க எவ்வளவு நேரமாகும் என்பது அவருக்குக் காலால் தெரிந்திருந்தது. விளையாட்டின் தொடக்கத்தில் லிங்க் ஒரு குகையில் கண்விழித்து வெளியே ஓடிவருகிறான். எதிரே ஹைரூல் முழுவதும் விரிந்து கிடக்கிறது. சற்றுத் தள்ளி ஒரு முதியவர் உட்கார்ந்திருக்கிறார். 30 மில்லியனுக்கும் அதிகமான பிரதிகள் விற்பனையாகின.

2023 மே 12 இல் வந்த 'டியர்ஸ் ஒஃப் த கிங்டம்' முதல் மூன்று நாட்களில் 10 மில்லியன் பிரதிகள் விற்பனையானது. பொருட்களை ஒட்டி வண்டியும் படகும் பறக்கும் ஊர்தியும் செய்துகொள்ளலாம். மனிதப் புத்திக்கு இவ்வளவு இடமளித்த விளையாட்டு வேறில்லை என்றே கூறுவேன். ஆனால், நான் கவலைப்படத் தொடங்கியதும் அதை விளையாடியபோதுதான். அதே நிலப்பரப்பு, அதன் மேலே வானத்துத் தீவுகள், கீழே அதே அளவு பரந்த ஒரு பாதாளம். 120 ஆக இருந்த சிற்றாலயங்கள் 152 ஆகின. நிலவறைகளின் முடிவில் வெவ்வேறு ஞானியர் ஒரே வரலாற்றைக் கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் சொல்கிறார்கள். எந்த வரிசையில் சென்றாலும் புரியவேண்டும் என்பதற்காகக் கொடுக்கப்பட்ட விலை அது. கதையின் முக்கிய பகுதி முழுவதும் கடந்தகால நினைவுகளில் நடந்து முடிந்துவிடுகிறது. இளவரசிக்கு என்ன நேர்ந்தது என்பதை நினைவுகளில் கண்டறிந்த பின்னரும், ஹைரூலில் உள்ளவர்கள் அவளைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். அறிந்ததை அவர்களிடம் சொல்வதற்கு லிங்குக்கு வழியில்லை. திறந்தவெளி என்ற விடுதலையே இப்போது புதிய சட்டகமாகிவிட்டது. இனிவரும் செல்டாக்களுக்கு அதுவே அடிப்படை வடிவமாக இருக்கும் என்ற கருத்தை அவோனுமாவும் வெளியிட்டிருக்கிறார். அவரை மதிக்கின்ற நான் இந்த ஒன்றில் அவருடன் உடன்படவில்லை.

இன்னும் பெரிய வரைபடம் ஒன்றுக்காக மேலும் ஆறு வருடங்கள் காத்திருப்பதில் எனக்கு ஆர்வமில்லை. அடுத்த செல்டா சிறியதாக இருக்கட்டும். ஒரு நகரமும் அதைச் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கும் போதும். ஆனால், அங்கே வாழ்பவர்களுக்கு 'மஜோராஸ் மாஸ்க்' மாந்தரைப் போன்று காலையும் மாலையும் இருக்கவேண்டும். பொருட்களின் இயல்புகளை வைத்துப் புதிர்களுக்குப் பல விடைகளைக் கண்டுபிடித்தவர்கள், அதே சுதந்திரத்தை மனித உறவுகளுக்கும் கொடுத்துப் பார்க்கலாம். லிங்க் தெரிந்துகொண்ட ஒரு செய்தியைச் சொல்வதா மறைப்பதா என்பதைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் போக்கு மாறட்டும். கதை நம் கண்முன்னே நிகழட்டும்.

செல்டா என்ற பெயருக்கு உரியவள் தொடரின் பெரும்பகுதியில் மீட்கப்படுவதற்காகவே காத்திருந்தாள் என்பதும் நீண்டகாலக் குறை. 2024 செப்டெம்பரில் வெளியான 'எக்கோஸ் ஒஃப் விஸ்டம்' அதைத் தீர்க்க முற்பட்டது. அதில் அவளே நாயகி. தொடரின் முதலாவது பெண் நெறியாளரான தொமோமி சானோ அதை வழிநடத்தினார். கண்ட பொருட்களைப் பிரதி செய்து, கட்டில்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மதில் ஏறுகின்ற இளவரசியை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சிறிய அளவிலும் புதுமை செய்ய முடியும் என்பதற்கு இதைவிட அண்மைய உதாரணம் தேவையில்லை.

1963 இல் பிறந்த அவோனுமா இப்போது தொடரின் மூத்தவர். மியாமோட்டோ அன்று தனக்குக் கொடுத்த அந்த ஒரு வருடத் தவணையை, சானோவின் தலைமுறையைச் சேர்ந்த ஒருவருக்கு அவர் கொடுத்துப் பார்க்கலாம். அதற்கு வேண்டிய மரங்களும் வீடுகளும் குதிரைகளும் ஏற்கனவே செய்து வைக்கப்பட்டிருக்கின்றன.