இலயக் காம்பராவும் விடுதி மண்டபமும்
(பேராதனையும் மலையகமும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு)

விடுதி வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்ட பல்கலைக்கழகம் ஒன்று மலைநாட்டிலே அமைந்தமை இலங்கையின் உயர்கல்வி வரலாற்றிற் பெரிதும் போற்றப்படும் நிகழ்ச்சியாகும். ஹந்தானைச் சாரலின் வனப்பும் விடுதி மண்டபங்களின் கட்டடச் சிறப்பும் பழைய மாணவர் பலராற் புகழப்பட்டுள்ளன. ஆயின், அதே மலைகளிற் பல தலைமுறைகளாக உழைத்துவந்த தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அம்மண்டபங்களின் கதவுகள் எப்போது திறந்தன என்னும் வினாவும் இவ்வரலாற்றுக்கு உரியதே. அதனை நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

பேராதனையும் பெருந்தோட்டமும் தொடக்கம் முதலே அயலவை. 1820களில் ஆள்பதி எட்வேட் பார்ன்ஸ் கோப்பித் தோட்டம் அமைத்த கன்னொறுவை, இன்றைய வளாகத்துக்கு எதிரே மகாவலியின் மறுகரையில் உள்ளது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கிய லூல்கந்துரையும் கண்டி மாவட்டத்தைச் சேர்ந்ததே. கோப்பி அழிந்தபின் தேயிலை ஹற்றன், நுவரெலியா மலைகளெங்கும் பரவியது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பே நாட்டின் ஏற்றுமதி வருவாயிற் பெரும்பங்கை ஈட்டித் தந்தது. அவ்வருவாயில் வளர்ந்த நாடே பின்னர் பல்கலைக்கழகத்தையும் கட்டியெழுப்பியது.

இவ்விரு வரலாறுகளும் ஒருவரிடத்தே சந்திப்பதைக் காண்கிறோம். அவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் (1853 – 1924). 1906இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தின் தலைவராக நின்று, இந்நாட்டுக்கெனப் பல்கலைக்கழகம் ஒன்று வேண்டுமென வாதாடியவர் அவர். 1919இல் இலங்கைத் தொழிலாளர் சேமநலச் சங்கத்தை நிறுவி, தோட்டத் தொழிலாளரைக் கடனாற் பிணித்த துண்டு முறைக்கும், ஒப்பந்தத்தை மீறியோரைச் சிறையிலிட்ட சட்டத்துக்கும் எதிராகக் குரல் எழுப்பியவரும் அவரே. 1920களின் தொடக்கத்தில் அவ்விரு கொடுமைகளும் சட்டத்தினின்று நீக்கப்பட்டன. அப்பெரியாரின் பெயரைப் பேராதனையில் ஒரு விடுதி மண்டபம் தாங்கி நிற்கின்றது. அவர் ஒருங்கே நேசித்த இரண்டு காரியங்களும் ஒன்றையொன்று சந்திக்க மேலும் பல ஆண்டுகள் சென்றன.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகியபோது அதன் முதல் துணைவேந்தராக அமர்ந்த சேர் ஐவர் ஜெனிங்ஸ், விடுதியை வெறும் தங்குமிடமாகக் கருதினாரல்லர். பல இனத்தவரும் பல ஊரவரும் ஒரே மேசையில் உண்டு, ஒருவரோடொருவர் விவாதித்துக் கற்பதே பல்கலைக்கழகக் கல்வியின் பாதி என்பது அவர் கொள்கை. 1949இல் முதற்பிரிவினர் பேராதனைக்குப் பெயர்ந்தனர். 1952 ஒக்டோபரிற் கலைப்பிரிவு மாணவரும் வந்து சேர்ந்தனர். 1954 ஏப்ரல் 20ஆம் நாள் நடைபெற்ற திறப்பு விழாவில், ஏற்கெனவே இயங்கிவந்த பல்கலைக்கழகத்தை வழமையிலும் அதிகமாகத் திறந்து வைப்பதாக எடின்பரோக் கோமகன் நகைச்சுவையாகக் கூறினார் என்பர். யாருக்குத் திறந்தது என்பதே நமது வினா.

இதே ஆண்டுகளில் மலையகத்தில் நிகழ்ந்தவற்றை இவற்றோடு ஒப்புநோக்குதல் வேண்டும். 1948ஆம், 1949ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. 1952 ஏப்ரலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் கொழும்பிலே சத்தியாக்கிரகத்தைத் தொடங்கியது. ஏறத்தாழ நான்கரை மாதம் அது நீடித்தது. அது முடிந்த சில வாரங்களிலே பேராதனையில் மாணவர் தத்தம் அறைகளிற் குடிபுகுந்தனர்.

அறை என்ற சொல்லையும் இங்கே நிறுத்தி நோக்கல் தகும். தொடக்ககால விடுதியிலே மாணவர் ஒருவருக்கு ஓர் அறை, ஒரு மேசை, ஒரு விளக்கு என்பதே திட்டம். தோட்டத்து இலயத்திலோ பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஒரு காம்பராவில் முழுக்குடும்பமும் வாழ்ந்தது. அடுப்பெரிவதும் அங்கே, பிள்ளைகள் உறங்குவதும் அங்கே, மண்ணெண்ணெய் விளக்கொளியிற் படிக்க முயல்வதும் அங்கேதான். விடியுமுன் பெற்றோர் பிரட்டுக்குச் செல்ல, மூத்த பிள்ளை தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும். 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்டங்கள் மீது சுமத்தியதாயினும், ஓராசிரியர் ஒரே மண்டபத்தில் எல்லா வகுப்பையும் நடத்திய ஆரம்பப் பள்ளிகளே பெரும்பாலும் தோன்றின. 1945இன் இலவசக் கல்வியின் பயனும் அப்பள்ளிகளை முழுமையாக எட்டவில்லை.

எனவே 1950களிலும் 1960களிலும் பேராதனைக்கு வந்த தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணத்தக்கோராயிருந்தமை வியப்பன்று. ஹற்றன் ஹைலண்ட்ஸ் கல்லூரி போன்ற நகரப் பாடசாலைகள் சிலவே அவர்களுக்குப் படிக்கட்டாயின. 1970களின் நடுப்பகுதியிற் புகுந்த மாவட்ட ஒதுக்கீடு பின்தங்கிய மாவட்டங்களுக்குச் சிறிது வழிவிட்டது. 1970களின் பிற்பகுதியிலே தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியபின், மலையக மாணவரின் வருகை மெல்லப் பெருகலாயிற்று. எஞ்சியிருந்தோரின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் பெரிதும் தீர்ந்தது.

விடுதி வாழ்வு எக்காலத்தும் இனியதாக இருந்ததென்றும் கூறுதற்கில்லை. 1983 மே மாதத்திலே பேராதனையிற் தமிழ் மாணவர் தாக்கப்பட்டு, விடுதிகளை விட்டு வெளியேற நேர்ந்தது. ஜெனிங்ஸ் கனவு கண்ட பொதுமேசை தானாக அமைவதன்று. அதனைக் காத்தல் வேண்டும் என்பதற்கு அந்நிகழ்ச்சியே சான்று.

வசதியுள்ள வீட்டு மாணவனுக்கு விடுதி என்பது நட்புக்கும் நினைவுக்கும் உரிய இடம். இலயத்திலிருந்து வருபவனுக்கோ அது கல்வியின் முதல் நிபந்தனை. தனக்கென ஒரு மேசையும், நள்ளிரவிலும் அணைக்கத் தேவையில்லாத விளக்கும் அவனுக்கு முதன்முதலாகக் கிட்டும் இடம் அதுவே. ஆதலின், விடுதியில் இடமில்லை என்னும் அறிவிப்பு எல்லார்க்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. ஒருவருக்கு அது வசதிக்குறைவு. மற்றவருக்கு அது படிப்பையே நிறுத்திவிடக்கூடியது. விடுதி இடங்களைப் பங்கிடுவோர் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளுதல் வேண்டும். அருணாசலத்தின் இரண்டு கனவுகளும் உண்மையிற் சந்திப்பது அங்கேதான்.