நாகைத் துறையில் கப்பலேறியவர் யார்?

சோழன் கடல் கடந்தான், கடாரம் கொண்டான் என்று ஏட்டில் படிக்கும்போது நம் தோள்கள் விம்முகின்றன. விம்மட்டும், தவறில்லை. ஆனால் அந்த மரக்கலங்களுக்குப் பாய் கட்டியவன் யார், மூட்டை சுமந்தவன் யார் என்று எந்த ஆசிரியரேனும் நம்மைக் கேட்டதுண்டா? மன்னனின் பட்டப்பெயர்களை மனப்பாடம் செய்தோம். துறைமுகத்தில் உழைத்தவனை மறந்தோம். ஆகவே இம்முறை அரண்மனை வாயிலில் நில்லாது, நாகப்பட்டினத்துக் கடற்கரையில் நின்று வரலாற்றைக் காண்போம்.

முதலில் பழம் பெருமை. சிரீவிசய வேந்தன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகையில் பௌத்த விகாரை ஒன்று எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை முதலாம் இராசராசன் வழங்கினான். ஆண்டு 1006. அதைக் கூறும் செப்பேடுகள் பிற்காலத்தில் ஆலந்து நாட்டு லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்தன. அதனால் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. சிவனை வணங்கிய மன்னன் புத்தப் பள்ளிக்கு ஊர் அளித்தது வெறும் பெருந்தன்மையா? கடல் வாணிபம் செழிக்க வேண்டுமானால் கடல் கடந்து வருவோன் தங்கவும் தொழவும் இடம் வேண்டும் என்ற கணக்கும் அதில் உண்டு. சுங்கத்துக்குச் சமயம் ஏது! அதே சோழர் குடி, இராசேந்திரன் காலத்தில், 1025ஆம் ஆண்டையொட்டி அதே சிரீவிசயத்தின் மீது படை நடத்தியது என்பதையும் சேர்த்தே நினைவிற் கொள்வோம்.

அந்தப் புத்தம் என்னவாயிற்று? நாகை விகாரையின் பொன் புத்தர் சிலையைத் திருமங்கையாழ்வார் கவர்ந்து, அந்தப் பொன்னைக் கொண்டு திருவரங்கத்துத் திருப்பணி செய்தார் என்று வைணவரின் குருபரம்பரைக் கதைகளே பெருமையாகப் பேசுகின்றன. கதை நடந்ததோ இல்லையோ, களவைத் தொண்டு என்று பாராட்டும் மனம் ஒன்று இங்கே இருந்தது என்பது மட்டும் உறுதி. எஞ்சி நின்ற பழைய செங்கற் கோபுரத்தை 1867இல் ஏசு சபைப் பாதிரிமார் அரசின் அனுமதி பெற்று இடித்துத் தள்ளினர். ஆழ்வாரைக் குறை கூறும் நாம் பாதிரியாரை விட்டுவிடுவதற்கில்லை. நாகை மண்ணிலிருந்து தோண்டி எடுக்கப்பட்ட முந்நூறுக்கும் மேற்பட்ட புத்தச் செப்புத் திருமேனிகள் இன்று பல அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கின்றன.

பின்னர் போர்த்துக்கீசியர் வந்தனர். 1658இல் டச்சுக்காரர் அவர்களை விரட்டினர். துணி வாணிபம், மிளகு வாணிபம் என்று நம் பாடநூல்கள் எழுதும். எழுதாத சரக்கு ஒன்று உண்டு. 1659 முதல் 1661 வரை தஞ்சைத் தரணியைப் படையெடுப்பும் பஞ்சமும் வாட்டின. சோற்றுக்கு வழியற்றோர் தம்மையும் தம் மக்களையும் விற்றனர். டச்சுக் கும்பினி ஆயிரக்கணக்கானோரை வாங்கி, நாகைத் துறை வழியே இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் அடிமைகளாய் அனுப்பியது. நெற்களஞ்சியம் என்று புகழப்பட்ட நாட்டில் மனிதனே ஏற்றுமதிப் பண்டம் ஆனான்! 1690இல் இதே நாகையைத் தம் சோழமண்டலக் கரைத் தலைமையிடமாகவும் ஆக்கிக்கொண்டனர். 1781இல் அது ஆங்கிலேயர் கைக்கு மாறியது.

துறைமுகம் என்றவுடன் உயர்ந்த மதிற்சுவரும் பாரந்தூக்கியும் கண்முன் தோன்றலாம். நாகை அப்படிப்பட்டதன்று. கடுவையாறு கடலில் கலக்கும் இடம், ஆழம் குறைவு. பெருங்கப்பல் கரையை அணுகாது. கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆளையும் மூட்டையையும் படகில் கொண்டுபோய் ஏற்ற வேண்டும், படகிலேயே இறக்க வேண்டும். அலை ஓங்கினால் வேலை இல்லை. வேலை இல்லையேல் அன்றைய கூலி இல்லை. படகோட்டி, மூட்டை தூக்குவோன், மூட்டை தைப்போன், வண்டிக்காரன், சோற்றுக்கடைக்காரி என ஊரே கப்பல் வரும் நாளை எதிர்நோக்கிக் கிடந்தது. அருகிலுள்ள நாகூரின் மரைக்காயர்கள் சொந்தக் கப்பலோட்டிப் பினாங்கு வரை வாணிபம் செய்தனர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் தர்காவின் பெயராலேயே கட்டடங்கள் எழுந்தன. அங்கிருந்து பாக்கு வந்து இறங்கியது. பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டவனுக்குக் கொட்டைப்பாக்கு விலை சொன்ன கதையை நாம் நகைப்புக்குச் சொல்கிறோம். பாக்கு விலை அந்நாளில் இக்கரையின் உயிர்ச் செய்தி!

இனி, நாம் சொல்ல வந்த செய்தி. கடற் பயணம் செய்தவன் சாதியிலிருந்து வீழ்வான் என்று போதாயன தர்ம சூத்திரம் விதித்தது. வீழ்ச்சி தரும் குற்றங்களின் பட்டியலில் அதையே முதலில் வைத்தது. நன்று. ஆனால் வீழ்வதற்கு உயரமே இல்லாதவன் அந்த விதிக்கு ஏன் அஞ்ச வேண்டும்? தஞ்சையின் பண்ணையாளுக்குச் சேரியும் வயலும் தவிர வேறு உலகம் இல்லை. பண்ணைக் கடனோ தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியது. அடிமை முறைக்குச் சட்டத்தின் துணை இல்லை என்று 1843இல் வெள்ளை அரசு அறிவித்தும், மிராசுதாரின் களத்து மேட்டில் அந்த அறிவிப்பு செல்லவில்லை. அவனுக்குத் திறந்திருந்த ஒரே கதவு நாகைத் துறை. மலேயாத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது, கப்பல் காத்திருந்தது.

அந்தக் கதவுக்கு அப்பால் பூந்தோட்டமா இருந்தது? இல்லை. ஒப்பந்தக் கூலி முறை, 1910இல் அது ஒழிந்த பின்னர் கங்காணி முறை, முன்பணம், கடன், காய்ச்சல், இரப்பர்க் காடு. ஆயினும் பணமாகக் கூலி உண்டு; நிலத்துக்குடையவனின் சாட்டைக்கும் இடையே கடல் உண்டு. ஆட்கள் வெளியேறுவதைக் கண்டு மிராசுதார்கள் முணுமுணுத்ததன் பொருள் இதுதான். அவர்கள் தடுக்க விரும்பியது துன்பத்தை அன்று, தப்பித்தலை.

ஊருக்குள் வேறொரு வாழ்வும் துறைமுகத்தால் வந்தது. 1861-62இல் நாகையிலிருந்து திருச்சிக்கு இருப்புப் பாதை அமைந்தது, தொழிற்சாலை எழுந்தது, கொல்லனும் தச்சனும் மாதச் சம்பளத் தொழிலாளி ஆயினர். தென்னிந்திய இரயில்வே அத்தொழிற்சாலையைப் பொன்மலைக்குப் பெயர்த்தது, ஆட்குறைப்பு வந்தது, 1928இல் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. அதற்குத் தோள் கொடுத்த குற்றத்துக்காக, எழுபதை நெருங்கிய சிந்தனைச் சிற்பி சிங்காரவேலருக்குப் பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது, மேல்முறையீட்டில்தான் குறைந்தது. தொழிற்சாலை போன பிறகு நாகை மீண்டும் கப்பலை மட்டுமே நம்பிய ஊரானது.

அந்தக் கப்பலும் குறைந்தது. 1938இல் மலேயாவுக்கு உதவிபெற்றுச் செல்லும் கூலி ஆட்களை இந்திய அரசு தடை செய்தது. அங்கே கூலியைக் குறைத்ததற்கு எதிரான நடவடிக்கை அது, நியாயமானதே. எனினும் பண்ணையாளுக்கு இருந்த கதவு அதனால் சாத்தப்பட்டது. இங்கே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952இல்தான். இடைப்பட்ட 14 ஆண்டுகள் அவன் எங்கே போவான்? சட்டம் வந்த பின்னும் 1968 டிசம்பர் 25 அன்று, இதே வட்டாரத்துக் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டனர். கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்டதே அவர்கள் செய்த பிழை!

பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய இரசூலா கப்பல் 1973இல் ஓய்ந்தது. அடுத்து வந்த சிதம்பரம் கப்பலும் 1980களின் நடுவில் தீ விபத்தோடு நின்றது. பயணிகள் இல்லாத துறையில் மீன்பிடி விசைப்படகுகள் நிறைந்தன. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை தமிழகத்திலேயே மிகுதியான உயிர்களை, ஆறாயிரம் பேருக்கு மேல், நாகை மாவட்டத்திலிருந்துதான் வாரிச் சென்றது. 2023 அக்டோபர் 14 அன்று நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் புறப்பட்டது. சில நாட்களில் நின்றது. 2024 ஆகத்தில் மீண்டும் ஓடியது. ஒரு காலத்தில் ஆயிரமாயிரமாய் மக்களை ஏற்றியனுப்பிய அந்தத் துறையிலிருந்து, இம்முறை கிளம்பியது ஒரு சிறிய கப்பல்.