அமைதிக்காலத் தலைமையும் போர்முனைத் தலைமையும்: பி. எம். கௌலை முன்வைத்து

1962ஆம் ஆண்டின் இந்திய – சீனப் போர் குறித்த எழுத்துகளில் லெப்டினன்ட் ஜெனரல் பி. எம். கௌலின் பெயர் பழியின் மையமாகவே நிற்கிறது. அவரைத் திறமையற்றவர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும், அத்தகையவரைப் போர்முனைக்கு அனுப்பிய மதிப்பீட்டு முறை எது என்னும் வினா அதனால் மறைந்துபோகிறது.

அம்பாலாவில் 4ஆவது டிவிஷனின் தலைவராக இருந்தபோது, படைவீரர்களின் உழைப்பைக் கொண்டே குடியிருப்புகளைக் கட்டிய 'அமர்' திட்டம் கௌலுக்குப் பெரும்புகழ் தந்தது. குறித்த காலத்தில் பணி முடித்தல், தடை நேர்ந்தால் தில்லித் தொடர்பால் அதனை நீக்குதல் ஆகியன அவருடைய வலிமைகள். அமைதிக்காலம் இவற்றுக்கே பரிசளித்தது. 1959இல் லெப்டினன்ட் ஜெனரல் பதவி கிட்டியது. போரில் காலாட்படைப் பட்டாலியன் எதற்கும் அவர் தலைமை தாங்கியதில்லை. அது குறையாகக் கருதப்படவில்லை.

1962 அக்டோபர் தொடக்கத்தில், புதிதாக அமைக்கப்பட்ட 4ஆவது கோர் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன்கீழ் நாம்கா சூ ஆற்றங்கரையில் நின்றது, அவர் முன்னர் வீடு கட்டவைத்த அதே 4ஆவது டிவிஷனின் பொறுப்பிலிருந்த 7ஆவது பிரிகேடு. கௌல் கோழையல்லர், கடினமான மலைப்பாதையில் தாமே நேரில் சென்றார். அக்டோபர் 10 அன்று செங் ஜோங்கில் நிகழ்ந்த மோதல் சீனரின் வலிமையை அவருக்கு உணர்த்தியது. உடனே அவர் செய்தது, பழகிய வழியில் தில்லிக்கு விரைந்ததே. படை அங்கிருந்து விலக்கப்படவில்லை. நோயுற்று அக்டோபர் 18 அன்று மீண்டும் தில்லி சேர்ந்தவர், படுக்கையிலிருந்தே கோரை நடத்த முற்பட்டார். 20ஆம் நாள் சீனர் தாக்கினர். அன்றே பிரிகேடு சிதறியது. அதன் தலைவர் ஜான் டால்வி 22ஆம் நாள் சிறைப்பட்டார்.

இதற்குச் சற்று முன்னர், பர்மாப் போரில் 1942இல் மிலிட்டரி கிராஸ் பெற்ற மானெக்‌ஷா, நீலகிரியின் வெலிங்டன் பணியாளர் கல்லூரித் தலைவராயிருந்தபோது விசாரணைக்கு உள்ளாகிப் பின் விடுவிக்கப்பட்டார். கௌலுக்குப் பின் 4ஆவது கோரை ஏற்றவர் அவரே. போர்நிறுத்தத்திற்குப் பிறகே அவர் பொறுப்பேற்றதால், அந்தப் போர்முனையில் இருவரையும் ஒப்பிட இயலாது. போருக்கு முன் நிறுவனம் இருவரையும் நடத்திய விதமே ஒப்பீட்டுக்குரியது.

கௌலின் தன்வரலாறு 1967இலும் டால்வியின் நூல் 1969இலும் வெளிவந்தன. இரண்டும் தோல்விக்குப் பின் எழுதப்பட்டவை. முன்னது தன்னிலை விளக்கம், பின்னது குற்றச்சாட்டு. கௌலைப் பற்றிப் போருக்கு முன் மேலதிகாரிகள் எழுதிய பணி மதிப்பீடுகளே இவ்வினாவுக்கு உரிய முதன்மைச் சான்றுகள்.