வீட்டு வாசலில் ஸ்பார்க் பிளக்: அமெரிக்க பிக்கப் டிரக்கின் ஒரு பராமரிப்பு வழக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிற்றூர்களில், பிக்கப் டிரக் வைத்திருப்பவர் அதன் ஸ்பார்க் பிளக்குகளைத் தம் வீட்டு வாசலிலேயே கழற்றி மாற்றும் வழக்கம் அந்த வண்டியோடு சேர்ந்தே தோன்றியது. பிக்கப் என்பது முன்னால் ஓட்டுநர் அறையும் பின்னால் திறந்த சரக்குத் தொட்டியும் கொண்ட சிறு லாரியாகும். ஸ்பார்க் பிளக் என்பது சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட பெட்ரோல், காற்றுக் கலவையை மின்பொறியால் கொளுத்தும் உறுப்பாகும். பிளக்கின் இரு உலோக முனைகளுக்கிடையே விடப்பட்ட சிறு இடைவெளியைப் பொறி தாண்டும்போதெல்லாம் முனைகள் சிறிது சிறிதாகத் தேய்வதும், அரைகுறையாக எரிந்த எரிபொருளும் எண்ணெயும் பீங்கான் மூக்கில் கரியாகப் படிவதும் அதன் இயல்பு என்பதால், அதைக் கழற்றுவது பழுதுபார்ப்பு என்பதைவிட வழக்கமான பராமரிப்பாகவே கருதப்பட்டது.

1908இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரின் பின்புறத்தில் மரப்பெட்டியைப் பொருத்தி விவசாயிகள் சரக்கு ஏற்றி வந்த நிலையில், 1925ஆம் ஆண்டு ஏப்ரலில் ஃபோர்டு நிறுவனமே அத்தகைய தொட்டியுடன் கூடிய வண்டியை 281 டாலர் விலையில் விற்கத் தொடங்கியது. அதன் நான்கு பிளக்குகளும் இன்ஜினின் மேற்புறத்தில் எந்த மறைப்பும் இன்றி நிமிர்ந்து நின்றன. மரையோ தண்ணீர்க் குழாய்க்குரியது போன்ற அரை அங்குலச் சரிவு மரை. அக்காலத்துச் சாம்பியன் எக்ஸ் பிளக்கின் உலோகக் கூட்டிலிருந்து பீங்கானைத் தனியே பிரித்தெடுத்துக் கரியைத் துடைத்து, மீண்டும் பூட்டிவிட முடிந்தது. எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பதைக் கண்டறிவதும் எளிதாகவே இருந்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரிய காயில், அதாவது குறைந்த மின்னழுத்தத்தை உயர்த்திப் பிளக்குக்கு அனுப்பும் கம்பிச்சுருள், ஒரு பெட்டிக்குள் தனித்தனியே அடுக்கப்பட்டிருந்தது. அவற்றின் அதிரும் தகடுகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்தி நிறுத்துகையில், எதை அழுத்தியபோது இன்ஜினின் ஓட்டம் மாறவில்லையோ அதற்குரிய சிலிண்டரே பழுதானது. பணிமனை பல மைல் தொலைவில் இருந்த பண்ணைகளில் இந்த அறிவு கலப்பை பூட்டும் அறிவுக்கு நிகராகப் புழங்கியதில் வியப்பில்லை.

பிளக்கைச் செய்தவர்களின் கதை தனியொரு நூலுக்கு உரியது. பிரெஞ்சு மிதிவண்டிப் பந்தய வீரரான ஆல்பர்ட் சாம்பியன் பாஸ்டனில் தொடங்கிய தொழிலிலிருந்து பிரிந்து மிச்சிகனின் ஃபிளின்ட் நகருக்குச் சென்றதும், அவருடைய பழைய கூட்டாளிகளான ஸ்ட்ரானஹான் சகோதரர்கள் அவர் பெயரையே தாங்கிய நிறுவனத்தை 1910இல் ஒஹாயோவின் டொலிடோவுக்குக் கொண்டு சென்றதும், அவர் தம் பெயரின் முதலெழுத்துகளான ஏசி என்பதையே பிளக்கின் பெயராக்கியதும் இங்கு நினைவுகூரப் போதுமானவை.

1923இல் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்ததும் நிலைமை மாறியது. இன்ஜினின் தட்டல் ஒலியைத் தடுக்கும் அந்த ஈயம் எரிந்தபின் பிளக்கின் மூக்கில் படிந்து மின்னோட்டத்தை வேறு வழியில் கசியவிட்டதால், ஏறக்குறைய 10,000 மைலுக்கு ஒருமுறை பிளக்குகளை மாற்றுவது பின்னாளில் பொதுவழக்கமாயிற்று. 1948இல் வந்த ஃபோர்டு எஃப்-1 முதல் 1970களின் தொடக்கம் வரையான காலமே இவ்வழக்கத்தின் செழிப்பான காலம் எனலாம். பிளக்கோடு, ஒவ்வொரு பிளக்குக்கும் முறையே மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்டிரிபியூட்டரின் பாயின்ட் எனப்படும் தொடுமுனை, கண்டென்சர் ஆகியவற்றையும் மாற்றும் 'டியூனப்' விடுமுறை நாள் வேலையாக நிலைபெற்றது. ஃபீலர் கேஜ் எனப்படும் மெல்லிய அளவுத் தகட்டை முனைகளுக்கிடையே செருகிப் பார்த்து, 0.035 அங்குலம் போன்ற குறித்த இடைவெளி வரும்வரை வெளிமுனையை வளைத்தனர். கழற்றிய பிளக்கின் மூக்கு வெளிர்பழுப்பாக இருந்தால் நலம், கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் ரிங் தேய்வு, வெளுத்திருந்தால் மிகுவெப்பம் என இன்ஜினின் உட்புறத்தை அதில் படித்தனர். 1955இல் அறிமுகமான செவ்ரலே வி-8 இன்ஜினில் பிளக்குகள் புகைபோக்கிக் குழாயை ஒட்டி அமைந்திருந்ததால் கையைச் சுட்டுக்கொள்வதும் இவ்வேலையின் பகுதியாயிற்று.

மின்னணுச் சாதனங்கள் நுழைந்ததே வீட்டு மெக்கானிக்கை விலக்கியது என்ற பரவலான கருத்து பாதியளவே சரியானது. 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்தை நிறைவேற்ற 1975 முதல் கார்களில் பொருத்தப்பட்ட, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரை ஈயம் பாழாக்கும் என்பதால் ஈயமற்ற பெட்ரோல் பரவியது; மின்னணு முறை வந்ததால் பாயின்ட்டும் மறைந்தது; பிளாட்டினம் முனைகொண்ட பிளக்குகள் வந்தபின் 1990களில் மாற்றும் இடைவெளி 100,000 மைலை எட்டியது. ஆண்டுக்கொருமுறை செய்த வேலை பத்தாண்டுக்கொருமுறை என்றானபோது அதைச் செய்யும் கைப்பழக்கமே அற்றுப்போனது. இத்தனைக்கும் புதிய இன்ஜின்களில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனிக் காயில் பொருத்தப்பட்டது, அடிப்படையில் மாடல் டியின் ஏற்பாட்டுக்குத் திரும்பியதே ஆகும்.

நீண்ட ஆயுளின் மறுபக்கத்தைக் காட்டியது ஃபோர்டின் டிரைட்டன் வகை இன்ஜின். அதன் தொடக்ககால அலுமினிய சிலிண்டர் ஹெட்டுகள் சிலவற்றில் பிளக்கைப் பிடிக்கும் மரைச் சுற்றுகள் மிகக் குறைவாக இருந்ததால், ஓட்டத்திலேயே பிளக் பிடுங்கிக்கொண்டு வெளியேறியது உண்டு. 2004 முதல் 2008 வரையான எஃப்-150 மாடல்களின் 5.4 லிட்டர் இன்ஜினில் சிக்கல் இதற்கு நேர்மாறானது: பிளக்கின் நீண்ட கீழ்க்குழாய் இருபகுதிகளை இணைத்துச் செய்யப்பட்டிருந்ததால், ஆண்டுக்கணக்கில் சுற்றிலும் இறுகிய கரி அதைப் பற்றிக்கொள்ள, திருகும்போது மேற்பகுதி மட்டும் கையோடு வந்து கீழ்க்குழாய் ஹெட்டிலேயே தங்கிவிட்டது. இன்ஜினை ஆறவிட்டு, பிளக்கைச் சிறிதளவே தளர்த்தி, கார்பரேட்டர் துப்புரவுத் திரவத்தை ஊற்றி ஊறவிட்டு, முன்னும் பின்னுமாக மெல்லத் திருப்ப வேண்டும் என நிறுவனம் தன் பணிமனைகளுக்கு அறிவுறுத்தியது. உடைந்த குழாயை இழுத்தெடுப்பதற்கென்றே தனிக் கருவியும் கடைகளுக்கு வந்தது. பின்னாளில் ஹெட்டின் வடிவத்தையே மாற்றி அவ்வகை பிளக் கைவிடப்பட்டது.