காப்புறைக்குள் நுழைந்த பேச்சு

துப்பாக்கி வெடியொலி உட்செவியில் முதலில் சிதைப்பது ஏறத்தாழ 4000 ஹெர்ட்ஸ் ஒலியை உணரும் மயிர்ச்செல்களை. உயிரொலிகளின் வலிமை அதற்குக் கீழே உள்ளது. உரசொலிகளின் வலிமையோ பெரிதும் அப்பகுதியிலும் அதற்கு மேலும். ஆகவே செவி பழுதுற்ற படைவீரனுக்குக் குரல் கேட்கும், சொல் தெளியாது.

செவியைப் பஞ்சால் அடைப்பது பழைய உபாயம். ஆனால் அடைத்த செவிக்குக் கட்டளையும் எட்டாது. களத்தில் அது உயிர்க்கேடு. முதல் உலகப்போரில் பிரித்தானியர் பயன்படுத்திய மாலக்–ஆம்ஸ்ட்ராங் செவியடைப்பான், மெல்லிய படலத்தின் வழியே பேச்சை உட்புகவிட முயன்றது. இரண்டாம் போரின் அமெரிக்க வி-51ஆர் மீண்டும் முழு அடைப்பாயிற்று (பின்னடைவு என்றே கூறலாம்). பின்னர் நுண்துளை அடைப்பான்கள் வந்தன. அடுத்து, ஒலிவாங்கி பொருத்திய மின்னணுக் காப்புறை.

இன்று சுடுகளத்திற்கென இதை வாங்குவோர் பெருக்கியின் நயத்தையே ஒப்பிடுகின்றனர். அச்சுற்று பேச்சைப் பெருக்கும். பேரொலி எழுந்தால் பெருக்குவதை நிறுத்தும். வெடியைத் தடுப்பது உறை மட்டுமே. ரைஃபிளின் உச்ச ஒலி 150 டெசிபலைத் தாண்டக்கூடும். உறையின் தணிப்போ 20 முதல் 30 வரை. ஆதலின் மூடிய களத்தில் உள்ளே நுரையடைப்பானும் வேண்டும். அதனால் கூடுவது ஏறத்தாழ 5 டெசிபலே. இரு எண்களையும் அப்படியே கூட்டுவது பிழை. தடித்த கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கினால் அதுவும் கசிந்துவிடும்.