மாணவர் நாற்காலி பிறந்த கதை

திருச்சிக் கல்லூரிகளில் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது ஒரு கூட்டம் நடக்க வேண்டும். முதல்வர் தலைமை. பேராசிரியர்கள், நிர்வாகத் தரப்பில் ஒருவர், ஊர்ப் பெரியவர் ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர். இவர்களோடு இன்னும் படித்துக்கொண்டிருக்கும் மாணவர் ஒருவரும் உட்கார வேண்டும். உள்தர உறுதிப் பிரிவு என்பது அந்தக் குழுவின் பெயர், வளாகத்தில் ஐ.க்யூ.ஏ.சி. என்றால்தான் தெரியும். அந்த மாணவருக்கு நாற்காலி கிடைக்க நெடுங்காலம் ஆனது.

உலகத்தில் இது புதிய யோசனையே அல்ல. இத்தாலியின் பொலோன்யாவில் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் மாணவர்களே பல்கலைக்கழகத்தை நடத்தினார்கள். தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள், தாமதமாக வந்த ஆசிரியருக்கு அபராதம் விதித்தார்கள். 1918இல் அர்ஜென்டினாவின் கோர்டோபா மாணவர்கள் போராடி நிர்வாகத்தில் பங்கு பெற்றார்கள். லத்தீன் அமெரிக்கா முழுவதும் அது பரவியது.

நமக்கு வாய்த்தது லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரி. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தேர்வு நடத்திப் பட்டம் தரும் அமைப்பாகத்தான் தொடங்கியது. நாகப்பட்டினத்தில் 1844இல் பிறந்த புனித வளனார் கல்லூரி 1883இல் திருச்சிக்கு வந்தது. தெப்பக்குளத்துப் பக்கம் உட்கார்ந்து படித்தவர்களுக்கு என்ன பாடம், எப்போது தேர்வு என்பதெல்லாம் சென்னையில் முடிவானது. 1904ஆம் ஆண்டுச் சட்டம் பதிவுபெற்ற பட்டதாரிகளுக்குப் பல்கலைக்கழக செனட் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கொடுத்தது. படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த உரிமை இல்லை.

1964–66 கோத்தாரி கல்விக் குழு, ஒவ்வொரு துறையிலும் கல்லூரியிலும் ஆசிரியர்–மாணவர் கூட்டுக் குழு வேண்டும் என்றது. 1978இல் புனித வளனார் கல்லூரி தன்னாட்சி பெற்றது. சிலபஸ் உள்ளூரிலேயே எழுதப்பட்டது. 1982இல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் உருவானது. அதிகாரம் சென்னையிலிருந்து திருச்சிக்கு வந்துவிட்டது. ஆனால் தன்னாட்சிக் கல்லூரிகளுக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள்கூட பாடத்திட்டக் குழுவில் முன்னாள் மாணவருக்குத்தான் இடம் ஒதுக்கின. பாடத்தின் சுமையை அன்றாடம் சுமப்பவருக்கு அவற்றில் இடம் குறிக்கப்படவில்லை.

மற்றக் குழுக்களில் நாற்காலி வந்தது பெரும்பாலும் துயரத்தின் வழியாக. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்தில் மருத்துவ மாணவர் அமன் கச்ரூ சீனியர்களின் அடியால் இறந்தார். அதே ஆண்டு வந்த மானியக் குழு விதிகள், ராகிங் தடுப்புக் குழுவில் புதிய மாணவரும் மூத்த மாணவரும் இருக்க வேண்டும் என்றன. 2015 விதிகளின்படி, பாலியல் தொல்லைப் புகாரில் மாணவர் சம்பந்தப்பட்டிருந்தால், உள் புகார்க் குழுவில் இளநிலை, முதுநிலை, ஆய்வு நிலை என மூன்று மாணவர்கள் சேர வேண்டும். பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களின் கண்ணீர் ராகிங் தடுப்பு விதிகளுக்குப் பின்னால் இருக்கிறது.

நாற்காலி வந்தது, அதில் யார் உட்காருவது? 2015 விதிகள் அந்த மூவரையும் வெளிப்படையான தேர்தலில் தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன. 2023ஆம் ஆண்டுக் குறைதீர் விதிகளோ மதிப்பெண், விளையாட்டு, கலைத் திறன் பார்த்து ஒருவரைச் சிறப்பு அழைப்பாளராக நியமிக்கச் சொல்கின்றன. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கான 2009ஆம் ஆண்டுச் சட்டம் மாணவர் மன்றத்தில் 20 பேரை நியமனத்துக்கும் 20 பேரைத் தேர்தலுக்கும் ஒதுக்கியது. லிங்டோ குழு 2006இலேயே கல்லூரித் தேர்தலுக்கு ஒழுங்கு வகுத்துக் கொடுத்தது: போட்டியிடுபவருக்கு 75 சதவீத வருகை, செலவு ரூ.5,000க்குள், கட்சிகளுக்கு இடமில்லை. உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. இருந்தும் தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் நியமனமே வழக்கம்.

நியமிக்கப்பட்டவர் நல்ல மாணவராக இருக்கலாம். ஆனால் யார் சார்பில் பேசுகிறோம் என்ற தெளிவு அவருக்குத் தேர்தலில்தான் கிடைக்கும். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருபவர், லால்குடியிலிருந்து விடியலில் கிளம்புபவர், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்: முதல் வகுப்பு எத்தனை மணிக்கு, தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி எது, பெண்கள் கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்பவை இவர்களுக்கு அன்றாடக் கேள்விகள். கேட்டு வரச் சொல்லி வகுப்புத் தோழர்கள் அனுப்பிய ஒருவர்தான் அவற்றைத் துணிந்து கேட்பார்.

திருச்சியில் படிக்கும் பிள்ளைகளே, உங்கள் கல்லூரிக் குழுக்களில் உங்கள் சார்பில் இருப்பவர் யார், அவர் எப்படி வந்தார் என்று இந்தப் பருவத்திலேயே கேளுங்கள். கூட்டத்துக்கு முன்பே பொருள் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். முடிவுகளை வகுப்பில் வாசிக்கச் சொல்லுங்கள். முதல்வர்களே, தேர்தலுக்குப் பயப்படாதீர்கள். 18 வயதில் சட்டமன்றத்துக்கு வாக்களிக்கத் தகுதியுள்ளவர், தன் கல்லூரிக் குழுவுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கவும் தகுதியுள்ளவர்தான்.